ஊசிக்கு முன் தயிர்சாதம்

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் வாகனத்துக்குத் தோள் கொடுப்பவன் நான். கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் என் தோள் இறங்கியதில்லை என்பதில் எனக்குக் கர்வமே உண்டு. இந்த ஆண்டு கருட சேவை நெருங்கும் நேரத்தில் அந்தத் தோளே வலித்து, கையைத் தூக்க முடியாமல் போனது. நண்பர் சொன்னாரென்று அக்குபஞ்சர் சிகிச்சைக்குப் போனேன். சாமி காரியத்துக்காகத்தானே என்று, குளித்துவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் உட்கார்ந்தேன்.

நாலைந்து ஊசி இறங்கியதுமே வியர்த்து, கண் இருட்டிச் சாய்ந்துவிட்டேன். அவ்வளவு பாரம் தாங்கியவனை முடி போன்ற ஊசி வீழ்த்திவிட்டது! டாக்டரம்மா ஊசிகளை எடுத்துவிட்டுப் படுக்க வைத்தார். தெளிந்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்.

“காலைல என்ன சாப்ட்டீங்க?”

“சாமி தூக்கற தோளாச்சேம்மா. விரதம் இருந்துக்கினுதான் வந்தேன்.”

“பெருமாளுக்கு விரதம் இருங்க. ஊசி போட்டுக்க வரும்போது சாப்ட்டு வாங்க!”

அதன்பின் தயிர்சாதம் சாப்பிடாமல் நான் ஊசிக்குப் போவதே இல்லை. வலியும் மெல்லக் குறைந்தது.

கருட சேவையன்று விடியலில் கோபுர வாசலைத் தாண்டி வந்தோம். முன்தண்டு என் தோளில் இருந்தது. கூட்டத்தில் நின்ற டாக்டரம்மா, சாப்பிட்டாச்சா என்று சைகையில் கேட்டார். இல்லையென்று பெருமையாகத் தலையாட்டினேன். தோள் இறங்கவில்லை.