பரோட்டா மாஸ்டருக்குப் பத்தியம்

உணவு ஆலோசகர் தொழிலில் இருக்கிறவர்களைக் கல்யாணப் பந்தியில் யாரும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதில்லை. இலையில் இரண்டாவது வடை விழும்போது நாங்கள் பார்த்துவிடுவோமாம். தென்காசியில் ஆலோசனை அறை போட்டிருக்கும் எனக்கே இந்த நிலை என்றால், திங்கட்கிழமை பத்தியம் தொடங்கி செவ்வாய்க்கிழமை அல்வாக் கடையில் அகப்பட்டுக்கொள்ளும் உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதா? உங்களுக்காகத்தான் செல்லையா அண்ணாச்சியின் கதை.

கணக்கில் வராதது

அண்ணாச்சி குற்றாலம் போகிற வழியில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். சர்க்கரை ஏறி, கால் பெருவிரலில் வந்த புண் ஆறாமல் கட்டுப் போட்டிருந்தார். மருந்தோடு சாப்பாட்டையும் ஒழுங்கு பண்ணாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். நின்றே பிழைக்கிற மனிதர். கூட வந்த மனைவி பேச்சியம்மாளின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் இட்லி, மதியம் ஒரு பிடி சோறு, ராத்திரி ஒன்றுமில்லை என்றார். அந்த இட்லிக்கு அந்தத் தொந்தி வளர வழியே இல்லை. குடைந்து கேட்டதும் விஷயம் வந்தது. ஒவ்வொரு ஈடு பரோட்டாவிலும் ஒன்றைப் பிய்த்து, சால்னாவில் தோய்த்துப் பதம் பார்ப்பாராம், கடை அடைக்கிற வரைக்கும். அதை ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அது எப்படி மேடம் சாப்பாட்டுக் கணக்குல வரும்? அது தொழில்லா."

ஓட்ஸ்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்தக் கோபத்தில், படித்த படிப்பையெல்லாம் கொட்டி ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ராத்திரிக்கு ஓட்ஸ் கஞ்சி, பதம் பார்ப்பது அறவே கூடாது. அடுத்த முறை வந்தபோது சர்க்கரை இறங்கவே இல்லை, கட்டும் அப்படியே இருந்தது. ஓட்ஸ் சாப்பிட்டாரா என்றேன். "ஒரு நாளும் விடலம்மா, இவுஹ ஒழுங்காத்தான் சாப்பிடுதாஹ" என்று பேச்சியம்மாள் சாட்சி சொன்னார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு மீதியைச் சொன்னார்.

"சும்மா சொல்லக் கூடாது மேடம், சால்னா ஊத்துனா ஓட்ஸும் நல்லாத்தான் இருக்கு."

கல்லுக்கு முன்னால்

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். நின்று பார்த்த பிறகுதான் உறைத்தது. மதியம் பேருக்குக் கொறித்துவிட்டு வருகிறவர், பசியோடு பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கிறார். பசித்தவரை அங்கே நிறுத்திவிட்டுச் சாப்பிடாதே என்றால் யார் கேட்பார்கள்? பட்டியலைக் கிழித்துப் போட்டேன். பேச்சியம்மாளோடு பேசி, அவர்கள் வீட்டில் எப்போதும் இருக்கிற சாமான்களை வைத்தே ஏற்பாடு செய்தோம். வேலைக்கு முன்னால் ஒரு டப்பாவில் அவித்த பாசிப்பயறு, முட்டை, கீரைப் பொரியல், கொஞ்சம் சோறு. சால்னாவுக்கு உப்புப் பார்க்கச் சின்னக் கரண்டி. பரோட்டாவைப் பிய்த்துப் பதம் பார்க்கும் பொறுப்பு மட்டும் கல்லாவில் உட்காருகிற இசக்கிக்கு. அவர் மறுப்பாரோ என்று பயந்தேன்.

"மாஸ்டர் அண்ணாச்சி காலுக்காக இதுகூடச் செய்ய மாட்டனா மேடம், இன்னைக்கே ஆரம்பிக்கேன்."

அருவி

நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய் வந்த வாரம் சர்க்கரை மறுபடி ஏறியது. நான் திட்டவில்லை. நாளைக்கு டப்பாவை மறக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். மறக்கவில்லை. சர்க்கரை மெல்ல இறங்கியது, புண்ணும் ஆறி வந்தது. சாரல் தொடங்கிய சமயத்தில் டாக்டர் கட்டைப் பிரித்து, இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

சில நாள் கழித்து அண்ணாச்சி என் அறைக்கு வந்தார். தலையில் ஈரம் சொட்டியது. கட்டு நனையக் கூடாதென்று அருவிப் பக்கமே போகாதிருந்தவர், ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு நேரே வந்திருந்தார். செருப்பைக் கழற்றி, விரலை என் முன்னால் ஆட்டிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், மறைப்பானேன். புண் ஆறிவிட்டது என்று டப்பாவை விட்டுவிட மாட்டீர்களே என்று கேட்டேன்.

"அது இல்லாம இப்ப கல்லுக்கு முன்ன நிக்கவே முடியல மேடம், பழகிட்டு."

அண்ணாச்சிக்குப் பின்னால், சட்டைப் பொத்தான் எட்டாமல் மூச்சு வாங்கிக்கொண்டு இசக்கி நின்றதைப் பார்த்தால், ஒரு விரலைக் காப்பாற்றிய கையோடு ஒரு தொந்தியையும் நான் வளர்த்துவிட்டேன் என்றுதான் தெரிகிறது.