வகிஜானின் ஒல்லி உடம்பும் கொழுத்த ஈரலும்

ஜாவாத் தீவின் பந்துல் வட்டாரத்தில் வகிஜான் வந்து மைக்கைத் தட்டினால்தான் கல்யாணம் களைகட்டும். உயர்ந்த ஜாவானிய மொழியில், மாப்பிள்ளை தும்மினால்கூட நாலு அடைமொழி சேர்த்து அறிவிப்பார். சனிக்கிழமைகளில் மூன்று கல்யாணம். சாப்பிடாமல் கிளம்பினால் வீட்டுக்காரர்கள் மனம் நோகும் என்று மூன்றிலும் சாப்பிடுவார். கருப்பட்டியில் வெந்த பலாக்காய்க் கூதெக், தேங்காய்ப்பால் கோழி, பொரித்த மாட்டுத்தோல், மேலே பாகு போன்ற தேநீர். இத்தனைக்கும் ஆள் கொடிக்கம்பம்.

"எனக்குச் சாப்பாடெல்லாம் குரலுக்குப் போயிடுது" என்று பீற்றிக்கொள்வார்.

ஐம்பத்திரண்டு வயதில் அடிக்கடி அசதி வந்தது. மனைவி துகினெம் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் ரினெங்கா, ஐயா என்பதற்கு அந்த ஊர் வழக்கப்படி பாக் போட்டு, "பாக் வகிஜான், உங்க ஈரல்ல கொழுப்புப் படிஞ்சிருக்கு" என்றார்.

"படம் மாறிப்போச்சு டாக்டரம்மா. வெளிய ஒரு குண்டு மனுசன் உக்காந்திருக்காரே, அவரோடதா இருக்கும்."

"மாறல டாக்டரம்மா" என்றாள் துகினெம். "இவரு வாய்க்கொழுப்புதான் உள்ள இறங்கியிருக்கு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். "ஒல்லியா இருக்கவங்களுக்கும் இது வரும். ஈரல் பித்தநீரைக் குடலுக்கு அனுப்புது. அங்க இருக்குற பாக்டீரியாக்கள் அதை மாத்துது, அதுல பெரும்பகுதி ஈரலுக்கே திரும்பி வருது. கொழுப்பு சேக்குறத நிறுத்துன்னு சேதியும் அதோடவே வரும். நீங்க சீனியும் எண்ணெயுமாப் போட்டு, நார் இல்லாம அந்தப் பாக்டீரியாக்களைப் பட்டினி போட்டா, நல்ல பாக்டீரியா குறைஞ்சு சேதி குளறுபடியாயிடும். இதுவும் ஒரு காரணம்."

"அப்ப என் வயித்துக்குள்ள ஒரு அறிவிப்பாளன் இருக்கான், அவன் உளர்றான்னு சொல்றீங்க?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

நோயைவிட இதுதான் வகிஜானுக்கு அவமானமாக இருந்தது.

டாக்டர் குடல் பாக்டீரியாக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமை காலை மலத்தைப் பனிக்கட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும்படி ஒரு சின்ன டப்பா கொடுத்தார். அன்றைக்குக் காலையிலேயே ஒரு கல்யாணம். முடித்துவிட்டு அப்படியே போய்விடலாம் என்று வகிஜான் கணக்குப் போட்டார். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று துகினெம் நிரம்பிய டப்பாவைப் பனிக்கட்டியோடு பூப்போட்ட பையில் போட்டு, வாயை ரிப்பனால் கட்டிக் கொடுத்தாள்.

மண்டப வாசலில் தலைப்பாகையைச் சரிசெய்ய, பையை வரவேற்பு மேசையில் வைத்தார். மைக் கூப்பிட்டது, போய்விட்டார். மேசையில் இருந்த பெண்கள் பைக்கு ஒரு நம்பர் ஒட்டிப் பரிசுக் குவியலில் சேர்த்துவிட்டார்கள்.

மணமக்களின் நடையழகை வர்ணித்துக்கொண்டிருந்தபோது, ரிப்பன் கட்டிய அந்தப் பை மணமகளின் அம்மா கையில் உள்ளே போவதைக் கண்டார். அன்னம் போன்ற நடை பாதியில் நின்றது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

"அம்மா, அந்தப் பையைக் குடுத்துடுங்க."

"குடுத்த பரிசைத் திருப்பிக் கேக்குறீங்களே, பாக்! அப்படி என்னதான் இருக்கு இதுல?"

முப்பது வருடம் சேர்த்துவைத்த சொற்களில் வகிஜான் தேடினார். ராஜாவுக்கும் சொல் இருந்தது, யானைக்கும் இருந்தது. இதை மட்டும் மரியாதையாகச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"பீ, அம்மா" என்றார். கொஞ்சம் யோசித்து, "என்னோடதுதான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் பையைக் கை நீட்டி எட்டப் பிடித்தபடி, கொண்டை அவிழும் அளவுக்குச் சிரித்தாள். "சாப்பிட்டாவது போங்க" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக வகிஜான் கூதெக்கை மறுத்து, அவித்த கீரை இருக்கிறதா என்று கேட்டார்.

எட்டு மாதம் கீரை, புளிக்கவைத்த சோயாத் தெம்பே, சீனியில்லாத தேநீர், தினம் ஒரு மணி நேர நடை. அடுத்த ஸ்கேனில் ஈரல் கொழுப்புப் பாதியாகக் குறைந்திருந்தது. அன்று முதல் மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லும்போது பித்தநீரின் பெருமையையும் கால் மணி நேரம் பாடத் தொடங்கினார். இரண்டு கல்யாணம் பொறுத்துப் பார்த்த துகினெம், மூன்றாவதில் மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.