செல்விக்கு அனுப்பிய லிங்க்

தி. நகரில் நான் வேலை செய்யும் கடையில் எனக்கும் செல்விக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. சேலைக்கு பால்ஸ் தைக்கும் மெஷின்கள் இரண்டும் ஒட்டித்தான் கிடக்கின்றன. ஆனாலும் செல்வி எனக்குச் சொல்லவேண்டியதை வாயால் சொல்வதில்லை. போனில் லிங்க் அனுப்புவாள். மழை வரப்போகிறது என்றால் ஒரு லிங்க். மூட்டுவலிக்குக் கஷாயம் என்றால் ஒரு லிங்க். என் போன் சிணுங்கும். திரும்பிப் பார்த்தால் அவள் ஒன்றும் தெரியாதவள்போல ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். "பாத்தியாக்கா?" என்று மட்டும் கேட்பாள். இலங்கையில் மன்னாரிலிருந்து அகதியாக வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை. ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல வெளியே வந்தவர்களும் இதை வாசிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். நேரில் யாரிடமும் சொல்லமுடியாத ஒன்றை எழுதியாவது வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் மாதா கோயில் மணி அடிக்கும். அது போதாது. வீட்டு ஆள் ஒருவர் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும். கோபக்காரர் வீட்டையும் விடமுடியாது. உள்ளே போகத் தேவையில்லை, வாசல் படலையில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். அப்பாவின் தம்பி இறந்தபோது நானும் அப்பாவுடன் நடந்தேன். எல்லைத் தகராறில் பத்து வருடம் பேசாமல் இருந்த வீட்டின் முன்னால் அப்பா நின்று, செருமிவிட்டு, "தம்பி போயிட்டான், நாளைக்கு எடுக்கிறம்" என்று சொன்னார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. ஆனால் அடுத்த நாள் அந்த வீட்டார் சேமக்காலைக்கு வந்தார்கள். இங்கே கல்லறைத் தோட்டம் என்கிறார்களே, அதைத்தான் நாங்கள் சேமக்காலை என்போம்.

சண்டை முடிந்தபின் அம்மாவும் அண்ணனும் மன்னாருக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு இங்கேயே கல்யாணமாகி ஆதம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். தங்கை திரேசா, சிந்தாதிரிப்பேட்டையில் பைண்டிங் கடை வைத்திருக்கும் நசீரைக் கட்டினாள். அன்றிலிருந்து அண்ணன் அவள் பெயரைச் சொல்வதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் அவள் இல்லை. அம்மா மட்டும், அண்ணன் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, "சின்னவள் சுகமாய் இருக்கிறாளே?" என்று என்னிடம் கேட்பார்.

போன மாதம் ஒரு காலை, கடையில் இருக்கும்போது அண்ணனின் குரல் பதிவு வந்தது. "அம்மா விடியப்புறம் போயிட்டா, பிள்ளை. நாளைக்கு மத்தியானம் அடக்கம். ஸ்டூடியோக்காரன் லைவ் போடுவான். லிங்க் அனுப்புறன்." அது முடிந்ததும் இன்னொன்று. "லிங்கை அவளுக்கு அனுப்பிப்போடாதை. அவளின்ட பேர் கொமண்ட்டில வந்துதெண்டா அப்பவே கமராவை நிப்பாட்டச் சொல்லிப்போடுவன்."

நான் அழுததைப் பார்த்துச் செல்வி மெஷினை நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டவுடன், "கெளம்புக்கா. ஊருக்குப் போக வேணாமா?" என்றாள்.

"போக ஏலாது செல்வி."

"தட்கல்ல போட்டா கெடைக்கும்க்கா. இல்லாங்காட்டி கிளாம்பாக்கத்துல பஸ்ஸு கீது. நைட்டு ஏறுனா காலைல போயிடலாம்."

என் ஊருக்கு பஸ் இல்லை என்பதையும், பாஸ்போர்ட் இல்லாதவள் அனுமதி எடுப்பதற்குள் அம்மா மண்ணுக்குள் போய்விடுவார் என்பதையும், போனால் திரும்பி வரமுடியுமா என்பது நிச்சயமில்லை என்பதையும் நான் அவளுக்கு விளக்கவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திரேசாவுக்குப் போன் செய்து சாவைச் சொன்னேன். அவள் நெடுநேரம் அழுதுவிட்டு, "லைவ் ஏதும் போடுவாங்களோ அக்கா?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை. அங்க சிக்னல் சரியில்லை எண்டு அண்ணன் சொன்னவர்" என்றேன். பொய் எவ்வளவு வசதியாக வாயில் வந்தது என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் லிங்க் வந்தது. அதை அழுத்திப் பிடித்தால் அம்புக்குறி வரும். அம்புக்குறியைத் தொட்டால் பெயர்கள் வரும். நான் அதிகம் பேசுவது திரேசாவுடன் என்பதால் அவள் பெயர்தான் முதலில் நின்றது. என் பெருவிரல் அந்தப் பெயருக்கு மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அண்ணன் கமராவை நிறுத்திவிட்டால் நானும் பார்க்கமுடியாது. அதைத்தான் நினைத்தேன், வேறொன்றும் இல்லை. விரலை எடுத்துவிட்டேன்.

"உன் போன்ல ஒண்ணும் தெரியாதுக்கா, கண்ணாடி வேற ஒடைஞ்சி கீது. எனக்கு அனுப்பு" என்றாள் செல்வி. அவளுக்கு அனுப்பினேன். யோசிக்கவே இல்லை.

அவளுடைய பெரிய போனை நூல்கண்டில் சாய்த்து வைத்தோம். கடை முதலாளி பாய் வந்து, "மெஷினையெல்லாம் நிறுத்துங்கம்மா. மையித்து எடுக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, முடியும்வரைக்கும் ஓரமாகக் கைகட்டி நின்றார். சேலை வாங்க வந்த ஒரு அம்மாகூட எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். செல்வி தன் பெயரில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டு ஐந்து கும்பிடும் கைகளையும் சேர்த்தாள். பிறகு அண்ணன் போனில் கேட்டார், "அது ஆர் செல்வி? உன்னோட வேலை செய்யிற பிள்ளையே? நல்ல பிள்ளை."

சனிக்கிழமை மத்தியானம் திரேசா கடைக்கு வந்தாள். என்னோடு இருந்து அழத்தான் வந்திருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள்.

"நீதான் தங்கச்சியா? அக்கா மாதிரியே கீற. நானும் பாத்தேம்மா உங்கம்மாவ. இன்னா கூட்டம். நானும் அக்காவும் அழுதுகினே பாத்தோம்."

திரேசா என்னைப் பார்த்தாள். நான் மெஷினைப் பார்த்தேன். அவள் ஸ்டூலை இழுத்துச் செல்வியின் பக்கமாகப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"அந்த லிங்க் இருக்குதா?" என்று செல்வியிடம் கேட்டாள். செல்வி தேடி எடுத்துத் தொட்டாள். கறுப்புத் திரைதான் வந்தது. இந்த வீடியோ இப்போது கிடைக்காது என்று எழுதியிருந்தது.

"அன்னிக்கு நல்லாத்தான் வந்துச்சும்மா" என்று செல்வி நாலைந்து முறை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"பரவாயில்லை. அம்மாவுக்கு என்ன சேலை கட்டியிருந்தாங்க?"

"மாம்பழக் கலரு. பச்சை பார்டரு. கைல ஜெபமால சுத்தி வச்சிருந்தாங்கோ."

"முகம்?"

"தூங்கிகினு கீற மாதிரிதாம்மா. வாய் மட்டும் கொஞ்சூண்டு தொறந்துகினு இருந்திச்சி. ஒரு தாத்தா வந்து நெத்தில சிலுவ போட்டாரு. பொட்டி மூடசொல்லோ ஒங்கண்ணன் கீழ குந்திட்டாரு."

திரேசா ஒவ்வொன்றாகக் கேட்டாள். செல்வி ஒவ்வொன்றாகச் சொன்னாள். செல்விக்குத் தெரியாத இடங்களில் நான் சொல்லியிருக்கலாம். அந்தத் தாத்தா எங்கள் பெரியப்பா. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

போகும்போதுதான் திரேசா என் பக்கம் திரும்பினாள். "நீ அனுப்பியிருந்தா நான் கொமண்ட் ஒண்டும் போட்டிருக்கமாட்டன் அக்கா. சும்மா பாத்துக்கொண்டு இருந்திருப்பன்."

அவள் பஸ் ஏறியிருப்பாள் என்று தெரிந்தபின் அண்ணனுக்குப் போன் செய்தேன். வீடியோவை ஒருமுறை திறந்துவிடச் சொன்னேன். "அது அழிச்சாச்சு. ஏன், நீ பாத்தனிதானே?" என்றார். ஓம் என்றேன். அதற்கு மேல் கேட்கும் தைரியம் அப்போதும் எனக்கு வரவில்லை.

"ரெண்டு தட்டு தட்டுனா தங்கச்சிக்குப் போயிருக்குமேக்கா?" என்று செல்வி பிறகு ஒருநாள் கேட்டாள். திட்டிக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டாள். நான் குனிந்து ஓரம் தைத்தேன்.

திரேசா இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறாள். என்னிடம் சுகம் விசாரித்துவிட்டுச் செல்வியின் பக்கத்தில் போய் உட்காருகிறாள். சொன்னதையே செல்வி மறுபடி சொல்கிறாள், சலிப்பில்லாமல். அம்மாவை மன்னாரில் அடக்கம் செய்தார்கள். என் தங்கைக்கு அவர் தி. நகரில், இரண்டு மெஷின்களுக்கு நடுவில், செல்வியின் தமிழில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அங்கே போய் நிற்க எனக்கு அனுமதி இல்லை. இங்கே போய் நிற்க முகம் இல்லை.