கொண்டு விட்டு வருதல்

மாமா, அதாவது என் கணவரின் அப்பா, இறந்த அன்று நடந்தவை:

1. காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்தார்.
2. மாமா தன் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். என் கணவர் அங்கே போன் செய்தார்.
3. நாகர்கோவிலிலிருந்து உறவினர்கள் வந்தார்கள். மதியத்துக்குப் பிறகு கல்லூரி வண்டி வந்தது.
4. அத்தையும் என் கணவரும் கையெழுத்துப் போட்டார்கள். கூட யாராவது வருகிறீர்களா என்று டிரைவர் கேட்டார். பேப்பர் எல்லாம் இங்கேயே முடிந்துவிட்டதால் வேண்டாம் என்றோம்.
5. வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது.

ஆறாவதாக எழுத ஒன்றும் இல்லை. முற்றத்தில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். எங்கள் வீடுகளில் சாவுக்கு ஒரு வரிசை உண்டு. ஆண்கள் சுடுகாட்டுக்குப் போவார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளிப்பார்கள். போனவர்கள் திரும்பி வந்து குளித்ததும் அடுப்பு எரியும். ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். அன்று எங்கள் வீட்டிலிருந்து யாரும் எங்கும் போகவில்லை. அதனால் யாரும் திரும்பி வரவும் இல்லை. எதிர்வீட்டு மலையாளி சேச்சி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "மோளே, கழிஞ்ஞோ? ஞங்ஙள் இறங்ஙட்டே?" முடிந்துவிட்டதா, நாங்கள் கிளம்பலாமா என்கிறார்.

நான் கழக்கூட்டம் ஐடி பார்க்கில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எந்தப் படி விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் சம்பள வேலை. இங்கே என்ன விட்டுப்போனது என்பது மட்டும் தெரியவில்லை.

மாமா சாலை பஜாரில் கடைகளுக்குக் கணக்குப் பார்த்தவர். கோவிலுக்கும் போவார், அறிவியல் கூட்டத்துக்கும் போவார். உடலை எழுதிக் கொடுத்ததை வீட்டில் அறிவித்தபோது அத்தை மறுக்கவில்லை. அத்தை அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எளிதில் கலங்காதவர். கலங்கியது பெரிய மாமாதான், அதாவது மாமாவின் அண்ணன். "கொள்ளி வைக்காம ஒரு சாவா? நாளைக்கு ஊருல நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்லுகது?" என்று திண்டாடினார். "காலேஜுல சேந்திருக்கான்னு சொல்லுங்கோ" என்றார் அத்தை.

அப்படிச் சொன்ன அத்தைதான் மாமா போன அன்று முதல் வீட்டில் பொங்கிய சோற்றைத் தொடவில்லை. குழந்தை இருக்கிற வீடு; அடுப்பு பற்றவைக்காமல் முடியாது. நாங்கள் சாப்பிட்டோம். அத்தை சர்க்கரை மாத்திரை போடுவதற்காகக் கடை இட்லி இரண்டு சாப்பிடுவார், அதோடு சரி. அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கேட்டால், "எறங்கல மக்ளே" என்பார். பிளவுஸ் தொளதொளவென்று ஆகிவிட்டது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டைக் கூட்டச் சொன்னார். எதைக் கூட்டுவது?

ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. பதினாறாம் நாளுக்கு நானே ஒரு நிகழ்ச்சி அமைத்தேன். மந்திரம் மாமாவுக்குப் பிடிக்காது, வெறுமனே சாப்பாடு போட்டு அனுப்ப எனக்குப் பிடிக்கவில்லை. மாமாவின் படங்களை வயது வரிசையில் டிவியில் ஓடவிட்டேன். யார் யார் பேசுவது, எதற்குப் பிறகு எது என்று எல்லாம் குறித்து வைத்தேன். எல்லாம் குறித்தபடி நடந்தது. வந்தவர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அத்தை அன்றும் கடை இட்லிதான் சாப்பிட்டார்.

"பிடிக்கல்லியா அத்தை?" என்று மறுநாள் கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்திச்சு. ஆபீஸ் மீட்டிங் மாதிரி."

"பின்ன என்ன குறை? எரிக்காததா?"

"அது அவிய இஷ்டம். அதுல எனக்கு என்ன?" அத்தை காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டே இருந்தார். "நம்ம வீட்டுக்கு ஒருத்தரு வந்துட்டுப் போனா, மழையானாலும் ஒங்க மாமா தம்பானூர் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போவாவ. பஸ்ஸுல ஏத்தி, பஸ்ஸு எடுத்தப் பெறகுதான் திரும்புவாவ. அவியள ஒருத்தரும் கொண்டு விடல்லியே மக்ளே. பார்சல் மாதிரி ஏத்தி அனுப்பிட்டோம்."

விட்டுப்போன படி அதுதான். நாலாவது வரியில் நாங்களே வேண்டாம் என்று சொன்னது.

மறுநாள் கல்லூரியில் உடற்கூறியல் துறைக்குப் போய் விசாரித்தேன். உடலைப் பார்க்க முடியாது, கதவு வரை வரலாம் என்றார்கள். அது போதும் என்றேன். பிறகு வீட்டில் சொன்னேன்: எல்லோரும் போவோம், கதவருகே நிற்போம், திரும்பி வருவோம், குளிப்போம், அதற்கப்புறம் அடுப்பு. பெரிய மாமாவுக்கும் போன் செய்தேன். "பொம்பளைகளும் வாறாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, நானும் வாறேன். இல்லாட்டி அதுக்கும் நாலு பேரு கேப்பான்" என்றார்.

ஒரே காரில் நெருக்கி உட்கார்ந்து போனோம். வழியில் என் மகள், "ஆச்சி, தாத்தாவுக்கு அங்க ஏசி உண்டா?" என்று கேட்டாள். "உண்டும். நம்ம வீட்டுல கரன்ட் பில்லு கூடும்னு வைக்க விடாதவிய, அங்க போய் ஏசியில கெடக்காவ" என்றார் அத்தை. பெரிய மாமா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீளமான வராந்தா. கடைசியில் ஒரு சாதாரண மரக்கதவு. அங்கிருந்த ஊழியர் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். நான் சொல்வதற்கு நாலு வரி எழுதி வைத்திருந்தேன். அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பெரிய மாமா செருப்பைக் கழற்றினார். பார்த்து எல்லோரும் கழற்றினோம். உள்ளே எங்கோ மாணவர்கள் பேசும் சத்தம் கேட்டது. அத்தை கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் கணவரிடம், "சரி. கொண்டு விட்டாச்சு. வண்டிய எடு" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்பக்கக் குழாயடியில் ஒவ்வொருவராகக் குளித்தோம். மகள் இரண்டு தடவை குளித்தாள். எதிர்வீட்டு சேச்சி பயறும் சுட்ட பப்படமும் கொண்டுவந்தார். கஞ்சி நான் வைத்தேன். அத்தை ஈரத்தலையோடு உட்கார்ந்து கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "உப்பு போட மறந்துட்டியோ?" என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

பிறர் வீடுகளுக்குச் சடங்கு அமைத்துக் கொடுக்கும் இந்த வேலை எனக்கு வந்தது இப்படித்தான். முதலில் சேச்சியின் அக்கா கூப்பிட்டார். ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்த வீடு, அவளை வரவேற்க ஏதாவது வேண்டும் என்றார். அடுத்து அலுவலகத் தோழி ஒருத்தி, விவாகரத்து முடிந்து தனி ஃப்ளாட்டுக்குக் குடிபோகிற அன்று. இப்போது மாதத்தில் ஒன்றாவது வருகிறது. முதலில் நான் கேட்பது, யார் எதை இன்னும் செய்யவில்லை என்று நினைக்கிறார்கள் என்பதுதான். அதற்குப் பதில் கிடைக்கப் பல நாள் ஆகும். சிலர் வேறு எதையோ சொல்வார்கள், நானும் அதை நம்பி ஏதாவது அமைத்துவிடுவேன். டிவியில் படம் ஓடவிடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். சனிக்கிழமைகளில் மகளை நடன வகுப்புக்குக் கூட்டிப்போவது கணவரின் பொறுப்பாகிவிட்டது. "சடங்கு டெஸ்டர்" என்று என்னைக் கேலி செய்வார், ஆனால் வகுப்பைத் தவறவிடுவதில்லை.

கழக்கூட்டம் வேலையை விடவில்லை. போன மாதம் அத்தையும் அதே கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். கூட யார் யார் வரவேண்டும் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். பெரிய மாமாவையும் சேர்த்திருக்கிறார். அவரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.