முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு வெள்ளவத்தை வீட்டுக்கு நான் திரும்பிய அன்றே, என் மனைவி என்னைப் பிள்ளை பெற்றவளாக்கிவிட்டாள். காதுக்குப் பஞ்சு வைக்காததுதான் குறை. யன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. காற்றுப் படக்கூடாதாம். கொழும்பின் சித்திரை மாத வெக்கையில்!

"பச்சை உடம்பப்பா" என்றாள்.

"காயம் காலிலதான். உடம்பு பழசு" என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒப்பரேஷன் என்றாலே பத்தியம்தான். எதை வெட்டினார்கள், எதை வைத்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் மகள் பிறந்தபோது மாமியார் இவளுக்கு என்ன சமைத்துப் போட்டாரோ, அதே சாப்பாடு இப்போது எனக்கு வந்தது. மருந்துச் சாமான் அரைத்துப் போட்டு, மிளகும் உள்ளியும் மூக்கில் ஏறுகிற சரக்குக் கறி. சந்தையில் தேடிப் பிடித்த பால்சுறாவை உதிர்த்து வறுத்த வறை. பால்சுறா எதற்கு என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தாய்க்குப் பால் சுரப்பதற்கு. மீன்காரர் "மகளுக்குப் பிள்ளை கிடைச்சிட்டுதோ?" என்று சிங்களத்தில் விசாரித்தாராம். இவளும் சும்மா தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள். கணக்காளர் வேலையில் தலை நரைத்த நான் அந்த வறையை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவ்வளவு ருசி.

பயிற்சி தருவதற்கு ஒரு இளம் பெண் வீட்டுக்கே வந்தாள். தெஹிவளைப் பக்கத்து முஸ்லிம் பெண், சிரித்த முகம், இரும்புக் கை. முதல் நாளே என் முழங்காலுக்கு அடியில் மனைவி ஆசையோடு வைத்திருந்த தலையணையை இழுத்து எடுத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, முழங்காலுக்குக் கீழ தலவாணி வெக்கவே வாணாம். கால் வளைஞ்சபடியே இறுகிப் போயிரும். அங்கிள், நீங்க ஒவ்வொரு நாளும் மடக்கி நீட்டோணும். இப்ப விட்டா பொறகு மயக்க மருந்து குடுத்துத்தான் மடக்க வேண்டி வரும்."

முதல் கிழமை ஏழு நாளும் ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் நான் போட்ட சத்தம் பெருந்தெருவான காலி வீதி வரைக்கும் கேட்டிருக்கும். கால் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஒழுங்கையில், வீட்டுக்கு முன்னால் போகும் சின்னத் தெருவில், சுற்றிவளைப்பு நடந்தது. சமாதானம் முறிந்து புலிகளுக்கும் அரசுக்கும் மறுபடி சண்டை தொடங்கியிருந்த காலம்; கொழும்பில் சந்தேகத்தில் பிடித்துப்போன தமிழர் சிலர் திரும்பி வராத காலம். காலையில் ஆமியின் ஒலிபெருக்கி கூப்பிட்டது. எல்லோரும் அடையாள அட்டையோடு கீழே இறங்கி வரவேண்டும். மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நான் எப்படி இறங்குவது? ஆமிக்காரர்கள்தான் ஏறி வந்தார்கள். மனைவி என் சாரத்தை உயர்த்தித் தையலைக் காட்டினாள். வந்தவர்களில் ஒருவர் முகத்தைச் சுழித்தார். "நெகிட்டின்ன எப்பா, மாத்தயா" என்றார். எழும்ப வேண்டாம் ஐயா என்கிறார். அட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மனைவி யன்னலைத் திறந்து பார்த்தாள். எதிர் லொட்ஜில் இருந்த ஆண்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கீழ் வீட்டுக்காரரும் அதில் ஏறினார். அவர் பின்னேரம் திரும்பி வந்துவிட்டார். அதற்கு முந்தின வருடம் நானும் அப்படித்தான், வேலைக்குப் போன வழியில் பஸ்ஸால் இறக்கப்பட்டு, பொலிஸ் ஸ்ரேஷன் மரவாங்கில் பகல் முழுக்க இருந்துவிட்டு வந்தவன். எனக்கு அது ஒரு அலுப்புப் பிடித்த நாள். இவளுக்கு அது என்ன நாள் என்று நான் கேட்டதில்லை.

சுற்றிவளைப்புக்குப் பிறகு தலையணை திரும்பி வந்தது. மத்தியான நித்திரையால் எழும்பினால் முழங்காலுக்கு அடியில் இருக்கும். பயிற்சி செய்யலாம் என்று தொடங்கினால், "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, நாளைக்குச் செய்யுங்கோ" என்பாள். நாளைக்கு ஆராவது பார்க்க வந்துவிடுவார்கள். நோவுக்குப் பயந்த எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. மனைவியின் பாசம் என்று நினைத்து நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டேன்.

அடுத்த முறை வந்த பயிற்சிப் பெண் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"போன தரத்த விட மடங்குறது கொறஞ்சீக்கி. யாரு தலவாணி வெக்கிற?"

"நான்தான் பிள்ளை" என்றாள் மனைவி. "மடங்காட்டி என்ன? மடங்காட்டி வீட்டில இருப்பார்."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "என்னை நொண்டியாக்கவோ பாக்கிறீர்?" என்று கத்தினேன்.

"ஓம்" என்றாள். "நொண்டியா எண்டாலும் இருப்பீங்கள்தானே."

கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது, ஆனால் அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. வோக்கரைக்கூடப் பிடிக்காமல் வீறாப்பாக எழும்பினேன். கால் இறுகியிருந்தது. சரிந்தேன். ஓடிவந்து பிடித்தவளையும் இழுத்துக்கொண்டு இரண்டு பேரும் நிலத்தில் இருந்துவிட்டோம். நல்ல காலம், காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழும்ப முடியவில்லை. அவள் தோளைக் கொடுத்தாள், கையைக் கொடுத்தாள், முதுகால் தள்ளினாள். மடங்காத காலை வைத்துக்கொண்டு நிலத்திலிருந்து எழும்புவது எப்படி என்று ஒருக்கால் முயன்று பார்த்தால்தான் தெரியும். கடைசியில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"எங்கயும் குண்டு வெடிச்சால் இந்தக் காலோட எப்பிடியப்பா ஓடுவீங்கள்?"

"ஓட ஏலாது. நீர்தான் தூக்கிக்கொண்டு ஓடவேணும்."

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு அங்கேயே, நிலத்திலேயே, கணுக்காலைப் பிடித்து மடக்கினாள். அந்தப் பெண்ணின் இரும்புக் கை இவளுடைய கைக்குப் பக்கத்திலும் வராது. நான் அம்மா என்று அலறினேன். விடவில்லை. அழுதுகொண்டே மடக்கினாள். அன்றிலிருந்து செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. விருந்தாளிகளை வாசலில் காக்கவைத்துவிட்டுக்கூட மடக்கினாள்.

இப்படியாகக் கால் வழிக்கு வந்தது. பொல்லை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து, மூன்று மாடியையும் தனியே இறங்கிக் கடைக்குப் போய்வர நான் வெளிக்கிட்ட காலையில், அவள் கதவடியில் நின்றாள். வழமையாக அவள் சொல்வது "கவனம்" என்ற ஒரு சொல்தான். அன்று அதைச் சொல்லவில்லை.

"நான்தான் உங்கட காலை மடக்கினனான்" என்றாள். "நீங்கள் திரும்பி வராட்டி அது நான் செய்த வேலை."

பேப்பர் வாங்க ஒழுங்கை முடிவுவரை போனேன். கடைக்காரர் கால் எப்படி என்று கேட்டார். நின்று கதைக்காமல் திரும்பினேன்.