பூட்டிக் கிடந்த புரொஜெக்டர்

சாம்பல் நிறத்தில், முன்னால் ஒற்றைக் கண்போல லென்ஸ் வைத்த அந்த ஸ்லைடு புரொஜெக்டர், திருச்சியில் நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்ற கல்லூரியின் கண்ணாடி அலமாரியில் ஆண்டு முழுவதும் பூட்டியே கிடந்தது. எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. கருவிகளைக் கொண்டு பாடம் நடத்துவது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தந்த விரிவுரையாளர், அதன் படத்தைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் அழகாக வரைவார். நாங்கள் பார்த்து வரைந்து பாகங்களைக் குறிப்போம். தொட விடமாட்டார். "பல்பு போச்சுன்னா மெட்ராஸ்லேருந்துதான் வரணும்" என்பார். ஆனால் பயிற்சி வகுப்புக் குறிப்பேட்டில், கருவியைப் பயன்படுத்தியதாக ஒவ்வொருவரும் எழுதியாக வேண்டும். எல்லோரும் எழுதினோம். நானும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

என் விடுதி அறைத்தோழி மட்டும் எழுதவில்லை. தொட்டியத்தில் வாழை போடும் குடும்பத்துப் பெண். வீட்டு மோட்டார் நின்றுபோனால் தானே கழற்றிப் பார்ப்பவள். 'கருவி பூட்டியிருந்தது. பயன்படுத்தவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். விரிவுரையாளர் வகுப்பிலேயே அவளை எழுப்பினார்.

"இந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதிட்டு வாம்மா. மார்க்கு என் கையிலதான் இருக்கு, தெரியுமில்ல?"

"கிழிக்க மாட்டேன் சார். சாவியைக் குடுங்க. நடத்திட்டு வந்து நீங்க சொன்ன மாதிரியே எழுதறேன்."

நான் குனிந்துகொண்டேன். அவர் முகம் சிவந்து, சாவியை மேசைமேல் வீசினார். "ஒடைஞ்சா நீதான் பொறுப்பு."

மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கியபோதெல்லாம் மடியிலிருந்த புரொஜெக்டரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். நாங்கள் பயிற்சி எடுத்த பெண்கள் பள்ளியில் எந்த வகுப்பறையிலும் பிளக் பாயின்ட் கிடையாது. தலைமையாசிரியை அறையில் ஒன்றே ஒன்று இருந்தது.

"அதெல்லாம் வேண்டாம்மா. சினிமா காட்டறாங்கன்னு பிள்ளைங்க ஆட்டம் போடும்" என்றார் தலைமையாசிரியை.

"ஆடட்டும் டீச்சர். ரத்தத்தைப் பத்தி நடத்தணும். எத்தனை நாள்தான் சார்ட்டுலயே காட்டறது? உங்க ரூமைப் பத்து நிமிஷம் குடுங்க."

அவர் முடியாது என்றார். இவள் நகரவில்லை. மணி அடித்து, அடுத்த பீரியடும் தொடங்கிவிட்டது. கடைசியில் அலுத்துப்போய், "பத்தே நிமிஷம்" என்று எழுந்தார்.

ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அந்த அறைத் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் ஜன்னல்களைச் சாத்தினேன். கல்லூரியிலிருந்து கொண்டுவந்த ஸ்லைடை அவள் செருக, சுண்ணாம்புச் சுவரில் சிவப்பணுக்கள் தட்டுத் தட்டாக விரிந்தன. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "டீச்சர், இதுதான் என் கையிலயும் ஓடுதா?" வெளிச்சம் அவள் புறங்கையில் விழுந்திருந்தது. யாரும் ஆட்டம் போடவில்லை. பத்து நிமிடம் ஆனதும், வாசலில் நின்றிருந்த தலைமையாசிரியையை நான் பயத்தோடு பார்த்தேன். "அடுத்ததப் போடும்மா" என்றார் அவர்.

பல்பு போகவில்லை. ஆனாலும் 'வகுப்பில் ஒழுங்கு குறைவு' என்று எழுதி, எங்கள் எல்லோரிலும் குறைந்த மதிப்பெண்ணை அவளுக்குத்தான் போட்டார் விரிவுரையாளர். எனக்கு முதல் வகுப்பு. ரிசல்ட் பார்த்த அன்று நான் அழுதேன், அவள் அழவில்லை. "அந்தப் பொண்ணு கேட்டாளே ஒரு கேள்வி, அதுக்கு அவரு எத்தனை மார்க் போடுவாராம்?" என்றாள்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் காட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். மாணவர்களுக்கான வானொலிப் பாடம் கேட்க வாங்கிய ரேடியோ, தலைமையாசிரியர் அறையில் கிரிக்கெட் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் பார்த்தேன். ஒருநாள் உள்ளே போனேன்.

"ரேடியோ வேணும் சார். நாலாவது பீரியட்ல பாடம் வருது."

"மேட்ச் நடக்குதும்மா."

"நடக்கட்டும் சார்" என்று சொல்லி, நானே பிளக்கைப் பிடுங்கினேன்.