பத்து நாளில் வந்துவிடுவேன் என்றேன்

சர்க்கார் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனியாகக் கப்பலேறிய துணிச்சல்காரி என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைப் பற்றிப் பெருமையடிப்பதுண்டு. கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்விடலாம் போல இருக்கும். துணிச்சலாவது மண்ணாங்கட்டியாவது! பயந்துகொண்டு போனேன், பொய் சொல்லிவிட்டுப் போனேன். அந்தப் பொய்யால் என்ன ஆயிற்று என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பதுகளில் கொல்லிமலையில் ஐந்து வருஷம் மருத்துவச்சியாக இருந்தேன். வாசலூர்பட்டியில் ஓட்டுக் கட்டடத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிரசவப் பை. அப்போது மேலே பஸ் வராது. எந்த ஊருக்குப் போவதானாலும் நடைதான். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு நடப்பேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். வலி எடுத்து இரண்டு நாள் ஆனபிறகு ஆள் அனுப்புகிறவர்களை வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டுவேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நான் ஓய்ந்ததும் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார்கள். மலைக்காரர்களிடம் கோபித்துக்கொள்வதில் பிரயோஜனமே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்தில் என் வீட்டுக்காரர் மலேயாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. என்னை அழைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டுக்கு எழுதிப் போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் எனக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. ஊரார் பிள்ளைகளைக் கழுவித் துடைத்துத் தாயிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது சில நாள் வயிறு எரியும். பொறாமைதான். மறைப்பானேன்?

மலையிலேயே பெரக்கரை நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊரில் ஒரு பெண் இருந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளும் வெளியே வரும்போதே உயிரில்லாமல் வந்தவை. மூன்றாவதாக அவள் உண்டானபோது அவள் புருஷன் ஐந்தாம் மாதத்திலேயே என்னைத் தேடி வந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். இடுப்பு குறுகல். கிழவிகள் எண்ணெயைத் தடவி அமுக்கி எடுக்கிற காரியமில்லை அது. மாதம் நெருங்கியதும் டோலி கட்டிக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது, கூடவே நான் போவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அவர்களிடம் மட்டும், "நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட உடாதீங்க. என்ன செய்யோணும்னு அப்ப நான் சொல்றேன்" என்றேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "நீங்க இருக்கீங்கல்ல, எனக்குப் பயமில்லீங்க" என்றாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். எட்டாம் மாதத்தில், பிரசவம் பார்க்கப்போகிறவளைக் கூப்பிட்டுப் புதுச் சாமைச் சோறு ஆக்கி அவரைக்காய்க் குழம்பு ஊற்றிப் போடுவார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி தன் கையாலேயே பரிமாறுவாள். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டால் அந்தக் கை அவளுடையது. பிறகு வேறு கை படக்கூடாது, பட்டால் பிள்ளை தங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. ஊர்க் கிழவிகளே கிட்ட வரமாட்டார்கள். என்னைப் போன்றவளுக்கு வசதியான வழக்கமாக இருந்ததால் நானும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

புரட்டாசி மாதம் சோற்றுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால்தான் மலேயாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. அனுமதி கிடைத்துவிட்டது, ஐப்பசியில் நாகப்பட்டினத்தில் கப்பல், தவறவிட்டால் மறுபடி கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை என்று என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நல்ல காரியம் கைகூடுவதற்கு முன்னால் வெளியே சொன்னால் கண் பட்டுக் கெட்டுப்போகும் என்று வளர்ந்தவள் நான். படித்து, கத்தியும் கத்திரிக்கோலும் வெந்நீரில் போட்டு எடுக்கத் தெரிந்தும் அந்தப் பயம் போகவில்லை. ஆபீஸுக்குக்கூட ராஜினாமாவைக் கீழே போய்த் தபாலில் எழுதிப் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சோற்றுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். போனேன். அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து பரிமாறினாள். "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்று மறுபடி மறுபடி வைத்தாள். இலையை வழித்துத் தின்றேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

கிளம்புகிற நாளன்று ஒரு தகரப் பெட்டியோடு விடிந்ததும் வாசலில் நின்றிருந்தபோது அவள் புருஷன் எதிரே வந்தார். கீழே உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கப் போகிறாராம். நான் பெட்டி தூக்க வைத்திருந்த ஆளை அனுப்பிவிட்டுத் தானே தலையில் வைத்துக்கொண்டார்.

"ஊருக்குங்களா?"

"ஆமாங்க. எங்கம்மாளுக்கு ஒடம்பு சொகமில்ல."

எங்கம்மா திடமாகத்தான் இருந்தாள். அது முதல் பொய்.

புளியஞ்சோலைக்கு இறங்குகிற பாதை முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை பெண் பிறந்தாலும் சந்தோஷம்தான் என்றார். தொட்டில் கட்ட விட்டத்தில் புது மரம் போட்டிருப்பதாகச் சொன்னார். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அங்கே சொல்லியிருக்கலாம். வரமாட்டேன், அவளை அடுத்த வாரமே டோலி கட்டிக் கீழே கொண்டுபோங்கள் என்று இரண்டு வாக்கியம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, காலில் விழுந்து என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயம். அவர் அழுதால் நான் திரும்பிவிடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு அந்தக் கப்பல் வேண்டும். எனக்கும் ஒரு பிள்ளை வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கீழே ஓடையைத் தாண்டிப் பெட்டியை இறக்கிவைத்தார். கூலி நீட்டினேன். "எங்கூட்டுச் சோறு தின்னவங்ககிட்ட வாங்குவனுங்களா?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எப்ப வருவீங்க?"

"பத்து நாள்ல வந்துருவேன்."

அவர் தலையை ஆட்டினார். நான் துறையூர் பக்கம் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மலேயாவில் என் சான்றிதழை யாரும் மதிக்கவில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை கொடுத்தார்கள். விடியும் முன்னே தாய்மார் கொண்டுவந்து போடுகிற முப்பது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதும் கஞ்சி ஊற்றுவதும் வேலை. அஞ்சு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவளுக்கு இது வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கு ரோஷமே வரவில்லை. மறு வருஷம் ஒரு பெண் பிறந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். அவளைப் பக்கத்தில் போட்ட அன்று அந்த மலைப் பெண்ணின் ஞாபகம் வந்தது. வேறு யாராவது பார்த்திருப்பார்கள், புது மருத்துவச்சி வந்திருப்பாள், ஆபத்துக்கு வழக்கம் பார்ப்பார்களா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடிதம் எழுதிக் கேட்கலாம் என்று தோன்றும். எழுத உட்கார மாட்டேன்.

ஆறு வருஷம் கழித்து ஊருக்கு வந்தோம். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் மலையேறினேன். ஓடையைத் தாண்டி அதே பாதை. எதற்குப் போகிறாய் என்று அம்மா கேட்டதற்குச் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவளும் ஒரு பிள்ளையும் வாசலில் இருப்பார்கள், நான் மன்னிப்புக் கேட்பேன், அவள் சிரிப்பாள். இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

அவள் புருஷன் மரவள்ளிக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக வற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். முகம் வெளிறிவிட்டது. நான் பெயர் சொல்லி, மருத்துவச்சி என்று சொன்ன பிறகும் கிட்ட வரவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தோட போயிட்டீங்கன்னு இருந்தமுங்க" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். நான் போய்ப் பத்தாம் நாள் பெருமழை பிடித்து ஓடையில் வெள்ளம் வந்ததாம். அவர் கீழே போய் மூன்று நாள் காத்திருந்தாராம். வெள்ளம் வடிந்தும் நான் வரவில்லை. சோறு தின்றவள் உயிரோடு இருந்தால் வராமல் இருக்கமாட்டாள், சொன்ன நாளில் கிளம்பி வரும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அடுத்த மாதம் அவளுக்கு வலி எடுத்தது. நான் செத்துப்போனாலும் தின்ற சோறு தின்றதுதான். எந்தக் கிழவியும் தொடவில்லை. இரண்டு நாள் கத்தினாளாம். மூன்றாம் நாள் டோலி கட்டித் தூக்கினார்கள். பாதி இறக்கத்திலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

"சாவற வரைக்கும் உங்களப் பத்தித்தானுங்க பேசிட்டு இருந்தா. என்னால அவங்களும் போயிட்டாங்களேன்னு அழுதா. வருசா வருசம் அவளுக்குக் கும்புடறப்ப உங்களுக்கும் சேத்துத்தான் கும்புடறோம்."

நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சலில் படுத்துவிட்டேன், யாரோ தடுத்துவிட்டார்கள் என்று எதையாவது சொல்லலாம். பொய் எனக்குப் புதிதா?

"ஏனுங்க வரல?" என்று அவரே கேட்டார்.

"மலேயாவுக்குப் போயிட்டேனுங்க. எங்கூட்டுக்காரருகிட்ட."

"நான் பொட்டி தூக்கிட்டு வந்தனே, அன்னிக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"சோறு திங்கறப்ப?"

"அப்பவும் தெரியுமுங்க."

அவர் கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். களைக்கொத்தை எடுத்து, அதில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் வழித்துப் போட்டுக்கொண்டே, "கொழந்த குட்டி இருக்குதுங்களா?" என்றார்.

"ஒரு பொண்ணு."

"நல்லா இருக்கட்டுமுங்க."

நிஜமாகத்தான் சொன்னார். பிறகு என் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"நீங்க ஆத்தோடயே போயிருக்கலாமுங்க. ஆறு வருசமா அத நெனச்சுத்தான் எம்மனச ஆத்திக்கிட்டு இருந்தேன்."

நான் ஆமாங்க என்றேன். அவர் குனிந்து களை கொத்த ஆரம்பித்தார்.